குற்றத்திற்கு ஒப்பனையிடும் விளம்பரங்களும் சிராவக அறமும்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்வோர் இரண்டு வகைக் காட்சிகளைக் கண்டு செல்கின்றனர். ஒன்று, பேருந்து நிலையச் சுவர்களிலும் ஊர் முனைகளிலும் ஒட்டப்பெற்ற திரைப்படச் சுவரொட்டிகள். அரிவாள் ஏந்திய கை, குருதி தெறித்த சட்டை, உதட்டில் புகை, கண்ணில் செருக்கு. மற்றொன்று, விக்கிரவாண்டியைக் கடந்தபின் முண்டியம்பாக்கத்தில் எதிர்ப்படும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் ஊரில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் அங்கேதான் கொண்டுவந்து சேர்க்கப்பெற்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் அந்நஞ்சால் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், 2019 வரை இம்மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர்.

சுவரொட்டியில் இருப்பதும் குற்றமே. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்ததும் குற்றத்தின் விளைவே. ஆயினும் முன்னதைக் காணும் சிறுவன் நின்று பார்க்கிறான். பின்னதைக் காண நேர்ந்தால் முகம் திருப்பிக்கொள்கிறான். ஒரே பொருள் ஓரிடத்தில் கவர்ச்சியாகவும் ஓரிடத்தில் அச்சமாகவும் தோன்றுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

துன்புற்றவர் இல்லாத படம்

பெரும்பாலான குற்றங்களில் இருவர் உண்டு. செய்பவர் ஒருவர், அதனால் துன்புறுபவர் ஒருவர். செய்தித்தாளில் வரும் குற்றச் செய்தியில் இருவரும் இடம்பெறுவர். நீதிமன்ற ஆவணத்திலும் இருவரும் இடம்பெறுவர். விளம்பரத்தில் மட்டும் செய்பவர் ஒருவரே நிற்பார். வெட்டியவன் இருப்பான், வெட்டுண்டவனின் மனைவி இருக்கமாட்டாள். கடத்தியவன் இருப்பான்; அவனுக்காகச் சிறை சென்ற கூலியாள் இருக்கமாட்டான். துன்புற்றவரைப் படத்திலிருந்து நீக்கிவிட்டால் எந்தக் குற்றமும் வீரம்போலத் தோன்றும். அந்த நீக்கத்தைத் திறம்படச் செய்வதே குற்றத்தைக் காட்டிப் பொருள் விற்கும் விளம்பரத்தின் தொழில்நுட்பம்.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு இயல்பான விருப்பங்கள் சில உண்டு. பிறர் தன்னை மதிக்க வேண்டும். அஞ்சாதவன் என்று பெயரெடுக்க வேண்டும். விரைவில் பொருளீட்டிக் குடும்பத்தைத் தலைநிமிரச் செய்ய வேண்டும். இவ்விருப்பங்களில் பிழையேதும் இல்லை. விளம்பரம் செய்வோர் இவற்றை நன்கு அறிவர். கல்வியும் உழைப்பும் பத்தாண்டுகளில் தரக்கூடிய மதிப்பை முப்பது நொடிகளில் தருவதாக அவர்கள் காட்டுகின்றனர். இசை உரத்து ஒலிக்கிறது. நடை மெதுவாகக் காட்டப்படுகிறது. சுற்றி நிற்போர் அஞ்சி விலகுகின்றனர். பார்க்கும் பிள்ளையின் உள்ளத்தில், மதிப்பும் அச்சுறுத்தலும் ஒன்றே என்னும் எண்ணம் பதிகிறது.

விதியும் நடைமுறையும்

இதனைத் தடுக்க விதிகள் இல்லாமல் இல்லை. 1985இல் தோற்றுவிக்கப்பெற்ற இந்திய விளம்பரத் தரநிலைகள் கவுன்சில் வகுத்த நெறிமுறையில் இதற்கென்றே ஒரு பிரிவு உள்ளது. குற்றச்செயலை விரும்பத்தக்கதாகக் காட்டுவதும், மக்களை, குறிப்பாகச் சிறாரை, அதனைப் பின்பற்ற நேராகவோ மறைமுகமாகவோ தூண்டுவதும், குற்றம் செய்யும் முறையைக் கற்பிப்பதும் கூடா என்பது அதன் கருத்து. கேபிள் தொலைக்காட்சிக்கான 1994ஆம் ஆண்டு விதிகளும் குற்றத்திற்குத் தூண்டும் விளம்பரங்களையும் வன்முறையைப் போற்றும் விளம்பரங்களையும் விலக்குகின்றன.

அவ்விதிகள் செயற்பட்டதற்குச் சான்று 2022ஆம் ஆண்டு ஜூன் மாத நிகழ்வு. லேயர் ஷாட் என்னும் நறுமணத் தெளிப்பானுக்காக வெளியிடப்பெற்ற விளம்பரத்தில், கடையில் தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் அருகே நான்கு இளைஞர்கள் வந்து இருபொருள்படப் பேசுகின்றனர். அவள் அஞ்சித் திரும்புகிறாள். அவர்கள் பேசியது நறுமணப் புட்டியைப் பற்றியதே என்று காட்டி, நகைச்சுவையாக அது முடிகிறது. கூட்டு வன்கொடுமையின் அச்சத்தை வேடிக்கையாக்கியது அவ்விளம்பரம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. விளம்பரத் தரநிலைகள் கவுன்சில் அதனை நிறுத்திவைக்கச் செய்தது. அதனை நீக்குமாறு ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஜூன் 4ஆம் நாள் யூடியூபிற்கும் ட்விட்டருக்கும் ஆணையிட்டது. நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது.

இவ்விளம்பரத்தில் அஞ்சும் பெண் படத்திற்குள்ளேயே இருந்தாள். ஆயினும் அவளுடைய அச்சம் நகைப்பிற்குரிய பொருளாக மாற்றப்பட்டது. துன்புற்றவரை மறைப்பது ஒரு முறை. துன்பத்தையே சிரிப்பாக்குவது மற்றொரு முறை. இரண்டாவது முறை முன்னதைவிடக் கொடிது.

செம்மரத்தின் இரு கதைகள்

தமிழகத்தை நெருங்கித் தொடும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா’ என்னும் தெலுங்குப் படமும், 2024 டிசம்பரில் வந்த அதன் இரண்டாம் பாகமும் தமிழிலும் திரையிடப்பெற்றன. செம்மரம் வெட்டும் கூலியாள் ஒருவன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்வதே கதை. தாடையின் கீழ்ப் புறங்கையை வைத்து இழுக்கும் அக்கதைத் தலைவனின் பாவனையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் செய்து காட்டினர். சூரத் நகரில் அப்படக் காட்சிகளைப் பதித்த புடவைகளும் விற்பனைக்கு வந்தன. படம் பாராதவர்க்கும் பாவனை தெரிந்திருந்தது. விளம்பரத்தின் ஆற்றல் அத்தகையது.

இனி, இரண்டாவது கதை. செம்மரம் ஆந்திரத்தின் தென்பகுதியிலுள்ள சேஷாசலம் மலைத்தொடரில் இயற்கையாக வளரும் அரிய மரம். பன்னாட்டு உடன்படிக்கையால் அதன் வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த அம்மலைக்காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படையினரால் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள் அவர்கள். அத்துப்பாக்கிச் சூட்டின் நியாயம் குறித்து எழுந்த வினாக்கள் ஒருபுறம் இருக்கட்டும். மரம் வெட்டச் சென்றவர்கள் யார், மரத்தால் செல்வரானவர்கள் யார் என்பதே இங்கு எண்ணத்தக்கது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகச் சென்றால் அடுத்த மாவட்டத் தலைநகரம் திருவண்ணாமலை. அத்துணை அருகிலிருந்து சென்ற ஏழைகள் அவர்கள்.

படத்தில் கூலியாள் அரசனாகிறான். மலையில் கூலியாள் பிணமாகித் திரும்பினான். முன்னவனின் பாவனை புடவையில் ஏறியது. பின்னவர்களுள் ஒருவரின் பெயரையேனும் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

சுவரொட்டிக்கு இறுதிக்காட்சி இல்லை

‘கலையில் குற்றத்தைக் காட்டவே கூடாதா? இலக்கியத்தில் கள்வரும் கொலைஞரும் இல்லையா?’ என்று இளைஞர் வினவலாம். வினவுவது முறையே. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் செய்த களவு உண்டு. பாண்டியன் இழைத்த கொலையும் உண்டு. ஆனால் இளங்கோவடிகள் நின்ற இடம் கண்ணகியின் பக்கம். துன்புற்றவள் அரசவைக்குள் வந்து வழக்குரைக்கிறாள். அரசன் தன் பிழை உணர்ந்து உயிர் துறக்கிறான். சமண மரபில் சம்புசுவாமியின் இல்லத்தில் திருடப் புகுந்த வித்யுச்சோரன் உண்டு. அஞ்சன சோரனும் உண்டு. அவர்தம் களவின் திறம் அக்கதைகளில் போற்றப்படுவதில்லை. களவை விட்டொழித்த நிலையே போற்றப்படுகிறது.

எனவே குற்றத்தைக் கூறுவது ஒன்று. குற்றத்தை விற்பது வேறொன்று. முழுமையான கதைக்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உண்டு. கடத்தல்காரனைத் தலைவனாகக் கொண்ட படத்தில்கூட அவன் வீழ்ச்சி இறுதியில் இடம்பெறக்கூடும். ஆனால் அப்படத்தின் விளம்பரம் எழுச்சியை மட்டுமே வெட்டி எடுத்துக்கொள்கிறது. சுவரொட்டிக்கு இறுதிக்காட்சி இல்லை. முன்னோட்டத்திற்கும் இல்லை. கைப்பேசியில் ஓடும் அரைநிமிடக் காணொளிக்கும் இல்லை.

2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம் 7, 13, 16 என்று வயது வரம்புகளைப் பிரித்துச் சான்றிதழ் வழங்க வகைசெய்தது. நன்முயற்சியே. எனினும், அரங்கின் வாயிலில் கேட்கப்படும் வயது பேருந்து நிலையச் சுவரின் முன்னர்க் கேட்கப்படுவதில்லை. பெரியவர்க்கென்று சான்று பெற்ற படத்தின் சுவரொட்டியை, மதிலோரம் பள்ளிப் பேருந்திற்குக் காத்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையும் நாள்தோறும் படிக்கிறது.

மேலைநாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. 2005இல் ரீபாக் என்னும் காலணி நிறுவனம் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. ஒன்பது குண்டுகள் பாய்ந்தும் பிழைத்த ஃபிஃப்டி சென்ட் என்னும் அமெரிக்கப் பாடகர் அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணுகிறார். துப்பாக்கிக் குற்றத்தை வீரமாக்குவதாகத் தாய்மார் அமைப்பு ஒன்று முறையிட்டது. மேலும் பலர் புகார் அளித்தனர். நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. மகனை இழந்த தாய்க்குத் துப்பாக்கி ஒருபோதும் காலணி விற்கும் கருவியாகத் தோன்றாது. துன்புற்றவர் பேசத் தொடங்கியதும் அக்கவர்ச்சி நீடிக்க இயலவில்லை.

பட்டாக்கத்தியும் பிறந்தநாளும்

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாள் விழா நடந்தது. கேக் வெட்டப் பயன்பட்டது பட்டாக்கத்தி. காவல்துறையினர் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். அச்செய்தி எச்சரிக்கையாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் கத்தியால் கேக் வெட்டும் படம் பரவிற்று. பின்னர்ப் பல ஊர்களில் இளைஞர்கள் அவ்வாறே பிறந்தநாள் கொண்டாடிக் காணொளி வெளியிட்டுக் கைதான செய்திகள் தொடர்ந்து வந்தன. முன்பு குற்றவாளியை விளம்பரப்படுத்த ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது. இன்று பதினேழு வயதுப் பிள்ளை தன் கையிலுள்ள கைப்பேசியால் தன்னையே அவ்வாறு விளம்பரப்படுத்திக்கொள்கிறான். அவன் பார்க்கும் ஒரு காணொளிக்கு அடுத்ததாக அதே வகைக் காணொளிகளைக் கைப்பேசி நிரல்படுத்தித் தருகிறது.

அவ்விளையாட்டின் விலையை அவன் அறிவதில்லை. பதினெட்டு வயது நிறைந்தபின் காவல் நிலையத்தில் பதிவாகும் ஒரு வழக்கு, கடவுச்சீட்டு விண்ணப்பத்தின்போது எழுந்து நிற்கும். அரசுப் பணிக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பின்போதும் எழுந்து நிற்கும். தந்தை நிலத்தை விற்று வழக்குரைஞருக்குக் கொடுப்பார். தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படும். அரைநிமிடக் காணொளியில் இவை எவையும் இடம்பெறுவதில்லை.

சூதின் புதிய முகம்

குற்றத்தின் கவர்ச்சியைக் கடன்வாங்கி வேறு பொருளை விற்பது ஒருவகை. தீவினையையே நேராக விற்பது மற்றொரு வகை. சப்தவியசனங்கள் என்று சமண நூல்கள் விலக்கும் ஏழு தீய பழக்கங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது சூது. திருக்குறளிலும் சூதுக்கென்று 94ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. அச்சூது அண்மைக் காலத்தில் கைப்பேசிக்குள் ‘திறமை விளையாட்டு’ என்னும் பெயரோடு புகுந்தது. திரைக்கலைஞர்களும் கிரிக்கெட் வீரர்களும் அதற்கு விளம்பரத் தூதர்களாயினர். வெல்பவரின் சிரிப்பு பெரிதாகக் காட்டப்பட்டது. இழப்பு நேரலாம் என்னும் எச்சரிக்கையோ காதில் விழாத வேகத்தில் படித்து முடிக்கப்பட்டது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்தி தமிழகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவ்விளம்பரங்களில் தோன்றிய புகழ்பெற்றோர்க்கே விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது.

தமிழ்நாடு அரசு 2022இல் சட்டம் இயற்றி, அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி, அவற்றுக்கு விளம்பரம் செய்வதும் தனிக் குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சூதாடச் செய்தவரும் குற்றத்திற்குப் பொறுப்புடையவர் என்னும் கருத்து இவ்வாறு நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றது.

சிராவக அறம் தரும் அளவுகோல்

இக்கருத்து சமண அறத்திற்குப் புதியதன்று. தீவினை மூவகையால் நிகழும் என்று ஆகமங்கள் கூறுகின்றன: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உவந்து ஏற்றல். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று வழங்கப்பெறும் இம்மூன்றையும் ஒருங்கே விலக்குவதே விரதத்தின் இலக்கணம். இன்றைய நிலையோடு இம்மூன்றையும் பொருத்திப் பார்த்தல் நன்று. அரிவாள் எடுப்பவன் முதல் வகை. அரிவாளை அழகாக்கி விற்பவன் இரண்டாம் வகை. அதனைக் கண்டு மகிழ்ந்து விருப்பக்குறி இட்டு நால்வர்க்கு அனுப்புபவன் மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் பெருந்திரளானோர் அடங்குவர். தம்மைக் குற்றமற்றவர் என்று எண்ணுவோரும் அவர்களே.

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்ததண்ட விரதத்தை வைக்கின்றன. பயனின்றித் தீவினைக்கு இடம்கொடுக்கும் செயல்களை விலக்குதல் என்பது அதன் பொருள். அச்செயல்கள் ஐந்து. தீவினைக்கு அறிவுரை கூறுதல் பாபோபதேசம். வாள், கோடரி, நஞ்சு, விலங்கு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளித்தல் இம்சாதானம். பிறர்க்குத் தீங்கு எண்ணுதல் அபத்தியானம். உள்ளத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டல் துச்சுருதி. பயனின்றி நிலம் அகழ்தல், மரம் செடிகளை வெட்டுதல் போன்றவை பிரமாதசரியை.

இவற்றுள் துச்சுருதிக்கு அந்நூல் தரும் விளக்கம் வியப்பளிப்பது. உள்ளத்தைக் கலக்குவனவற்றை வரிசைப்படுத்துகையில் ஆசை, பகை, செருக்கு, காமம் ஆகியவற்றோடு சாகசத்தையும் சமந்தபத்திரர் சேர்த்துள்ளார். துணிச்சலுக்கு மயங்கும் உள்ளத்தின் இயல்பை, திரையும் கைப்பேசியும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர் உணர்ந்திருந்தார். அவர் காலத்தில் துச்சுருதியைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். இக்காலத்தில் அது படுக்கையறை வரை தேடி வருகிறது. ஆகவே விலக்கும் முயற்சியும் அதற்கேற்ப மிக வேண்டும்.

மாக்கோழி

‘அது நடிப்புத்தானே, உண்மையன்றே’ என்பது பலரும் கூறும் விடை. இவ்விடைக்கு மறுமொழியாக அமைந்த ஒரு காவியமே தமிழ்ச் சமணர்க்கு உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் அது.

அரசி அமிர்தமதி இரவில் யானைப்பாகன் ஒருவனின் இசையைக் கேட்கிறாள். மாளவ பஞ்சமப் பண் அவள் செவி வழியே புகுந்தது. பாடியவன் யார், அவன் குணம் யாது என்று அறியுமுன்னரே உள்ளம் அவன்பால் சென்றுவிட்டது. பொருளின் தன்மையை மறைத்து இசையால் உள்ளத்தைக் கவரும் இன்றைய விளம்பரத்தின் வழியும் அதுவே.

தீக்கனவால் கலங்கிய யசோதர மன்னனைப் பலியிடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிர்ப்பலிக்கு மன்னன் இசையவில்லை. மாவினால் செய்த கோழியைப் பலியிடலாம் என்று தாய் கூற, அதற்கு உடன்படுகிறான். உயிரில்லாத மாவுதானே! ஆனால் வாளை ஓங்கிய கையும் கொல்லும் எண்ணமும் மெய்யாகவே இருந்தன. வெட்டுண்ட மாக்கோழி உயிருள்ள கோழிபோலக் கூவி வீழ்ந்தது. அவ்வொரு வினையால் தாயும் மகனும் மயில், நாய், மீன், ஆடு, கோழி என்று பிறவிதோறும் பிறந்து துன்புற்றனர்.

மாக்கோழியும் பொய்க் குருதியும் ஓரினம். திரையில் சிந்துவது சாயநீரே. எனினும் பார்க்கும் பிள்ளையின் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி உண்மையானது. ‘வெட்டட்டும்’ என்று அவன் மனம் கூறும் கணம் உண்மையானது. அக்கணத்தைக் குறித்தே யசோதர காவியம் எச்சரிக்கிறது. கேளிக்கையை முற்றும் துறக்குமாறு இல்லறத்தாரை அது கேட்கவில்லை. எதனைக் கண்டு உள்ளம் உவக்கிறது என்று ஆராயுமாறு கேட்கிறது.

வீரம் எது?

இளைஞரிடமிருந்து வீர வேட்கையைப் பறித்துவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடுவது முறையன்று. அவ்விடத்தில் வைக்கத்தக்க மேலான வீரம் இம்மண்ணிலேயே உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. ஒருவர் முகத்திலும் சினம் இல்லை. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. வர்த்தமானருக்கு வழங்கும் பெயர் மகாவீரர். எவரையும் வெல்லாமல் தம்மை வென்றமையால் அமைந்த பெயர் அது.

அன்றாட வாழ்விலும் இவ்வீரத்திற்கு இடமுண்டு. நண்பர் ஐவர் கத்தியோடு படமெடுக்க நிற்கையில், ‘என்னால் இயலாது’ என்று விலகிச் செல்லும் மாணவனுக்குப் பட்டாக்கத்தி பிடிப்பவனைவிட மிகுந்த துணிவு வேண்டும். அத்துணிவைக் கண்டு பாராட்டும் பெரியோர் வீட்டில் இருந்தால், தெருவில் கிடைக்கும் பாராட்டை அவன் தேடமாட்டான்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

மேல்சித்தாமூர், வீடூர், பெருமண்டூர் முதலிய ஊர்களிலும், திண்டிவனம், விழுப்புரம் நகரங்களிலும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் எண்ணிக்கையில் சில. சிறிய சமூகத்திற்கு ஒரு வலிமை உண்டு: ஒரு குடும்பம் செய்வதை மற்றக் குடும்பங்கள் விரைவில் அறியும். ஆதலால் மாற்றமும் விரைவில் பரவும்.

முதலில் மாற்றத்தக்கது குடும்ப விழாக்களின் ப்ளெக்ஸ் பதாகை. திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் வைக்கும் பதாகைகளில், கடத்தல்காரன் வேடத்து நடிகரின் படத்தையும் மிரட்டும் வாசகங்களையும் சேர்த்து அச்சிடும் வழக்கம் இப்பகுதியெங்கும் பரவியுள்ளது. நண்பர்கள் அன்பினால் வைப்பதாயினும் பெரியோர் ஒரு சொல் சொன்னால் அது மாறும். புதுமணமக்களின் வாழ்த்துப் பலகையில் அரிவாளுக்கு வேலை இல்லை.

இரண்டாவது, வணிகர்க்குரியது. கடை நடத்தும் சிராவகர் விளம்பரம் கொடுக்கையில் ‘இதனை என் பேரக்குழந்தை பின்பற்றினால் மகிழ்வேனா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ளுதல் போதுமானது. திருடத் தூண்டுதலையும், குறைந்த அளவையும், போலிப் பொருளையும் அசௌரிய விரதத்தின் அதிசாரங்களாக ஆசாரியர்கள் எண்ணினர். விளம்பரப் பலகையும் அவ்வளவைகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

மூன்றாவது, முறையிடுதல். தகாத விளம்பரத்தைக் கண்டு வருந்திவிட்டு வாளாவிருத்தல் பயன் தராது. இந்திய விளம்பரத் தரநிலைகள் கவுன்சிலுக்கு எவரும் புகார் அனுப்பலாம். ஏமாற்று விளம்பரங்கள் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தெரிவிக்கலாம். முறையீட்டிற்குப் பயன் உண்டு என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுள்ளது. 2018இல் ‘சர்கார்’ படத்தின் முதல் சுவரொட்டியில் கதைத்தலைவர் புகைபிடிக்கும் காட்சி இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்து, பொதுச் சுகாதாரத் துறை அறிவிப்பு அனுப்பியபின், படக்குழுவின் ட்விட்டர் பக்கத்திலிருந்து அப்படம் நீக்கப்பட்டது.

நான்காவதும் முதன்மையானதும், பிள்ளைகளோடு உரையாடுதல். கைப்பேசியைப் பறித்தல் ஒருநாள் பயன் தரலாம். அருகில் அமர்ந்து உடன் பார்த்தல் நெடுநாள் பயன் தரும். வன்முறைக் காட்சி வரும்போது சினந்து பேசாமல் ஒரு வினாவை மட்டும் கேட்கலாம்: ‘இந்தக் கதையில் அழுதவர் யார்? அவரை ஏன் காட்டவில்லை?’ இவ்வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை, விளம்பரம் மறைத்த மனிதரைத் தானே தேடத் தொடங்கும். கடத்தல்காரனின் பின்னால் கூலியாளையும், சூதில் வென்றவனின் பின்னால் கடன்பட்ட வீட்டையும் அதன் கண் காணும். பிறவுயிரின் துன்பத்தைக் காணும் அக்கண்ணே அகிம்சையின் தொடக்கம்.

கோயிலில் நாள்தோறும் எல்லா உயிர்களின் நலத்தையும் வேண்டி வழிபடும் இல்லங்களில், அவ்வேண்டுதல் பிள்ளைகளின் கைப்பேசித் திரை வரை சென்று சேர வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இளையோரும் இவ்விழா நாளில் அதற்கு உறுதி பூண்பார்களாக.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக. ஜெய் ஜினேந்திரா.